மாடும் எருமையும் மீறாத வேலி: தோட்டத்திலும் பட்டணத்திலும் வளர்ப்போர் அறிய வேண்டியவை

காப்பார், மேரு, பந்திங், கோலசிலாங்கூர் பக்கம் இரவில் வாகனம் ஓட்டுவோர் பலருக்குச் சாலை நடுவே படுத்திருக்கும் மாட்டைக் கண்டு பிரேக்கை மிதித்த அனுபவம் இருக்கும். பகல் வெயிலில் சூடேறிய தார்ச்சாலை இரவிலும் கதகதப்பாக இருப்பதால் மாடுகள் அங்கே வந்து படுத்துக்கொள்கின்றன. எருமையாக இருந்தால் இருட்டோடு இருட்டாக நிற்கும். மாட்டின் கால்கள் உயரமானவை. கார் மோதும்போது அதன் உடல் பானட்டின் மேல் புரண்டு முன்கண்ணாடி வரை வந்துவிடும். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அந்தக் கண்ணாடியும் கிடையாது.

இத்தகைய விபத்துக்குப் பிறகு எழும் முதல் கேள்வி மாடு யாருடையது என்பது. இரண்டாவது கேள்வி, வேலி இருந்ததா என்பது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பால் மாடும் எருமையும் வளர்க்கும் நம் மக்களில் பலர் இந்த இரண்டாவது கேள்விக்கு விபத்து நடப்பதற்கு முன்பே பதில் தேடிக்கொள்வது நல்லது. எந்த இடத்துக்கு எந்த வேலி, எருமைக்கு என்ன, பசுவுக்கு என்ன, மின்வேலி ஆபத்தா இல்லையா என்ற விவரங்களை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

தோட்டம் சுருங்கியது, மாடு மிஞ்சியது

இந்த வட்டாரத்துக்கும் மாட்டுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கும்வரை தரைவழிச் சரக்குக்கு மாட்டுவண்டியே துணை. 1881-ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைப் புரட்டிப்போட்ட பின் நகரைச் செங்கல்லால் கட்டச் சொன்னார்கள். அந்தச் செங்கல் சூளைகளால்தான் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே வந்தது. தோட்டங்களிலோ, லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையும் இரண்டு மாடும் இருந்தால் சம்பளம் போதாத மாதத்தைப் பால் காசில் தாண்டிவிடலாம். தமிழகத்திலிருந்தும் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் வந்த மாடுகளின் வழித்தோன்றல்களை இந்நாட்டுக் கால்நடைத் துறையினர் உள்ளூர் இந்தியப் பால்மாடு என்றே தனியாகக் குறிப்பிடுகிறார்கள்.

ரப்பர் தோட்டங்கள் செம்பனையாயின. செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் ஆயின. மேய்ந்த நிலம் போயிற்று, மாடு மட்டும் மிஞ்சியது. நெடுஞ்சாலை ஓரம், ஆற்றங்கரை, மின்கோபுரங்களுக்குக் கீழே உள்ள நிலம், காலி மனை என்று கிடைத்த இடத்தில் மாடு மேய்கிறது. முன்பு தோட்டத்துக்குள் அவிழ்த்து விட்டாலும் மாடு தோட்டத்துக்குள்ளேயே சுற்றி வந்தது. இப்போது நூறு அடி நடந்தால் சாலை. வேலியின் அவசியம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாட்டைச் சாலையில் விடுவது சிறிய அபராதத்தோடு முடிகிற விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். குற்றவியல் சட்டத்தின் 289-ஆவது பிரிவு அதைவிடக் கடுமையானது. தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி தெரிந்தோ அலட்சியமாகவோ கவனிக்கத் தவறுபவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். காயம்பட்டவர் இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குப் போடுவது இதற்கு மேல்.

கிள்ளான் அரச மாநகர் மன்றம், ஷா ஆலம் மாநகர் மன்றம், கோலா லங்காட், கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகங்கள் போன்ற ஊராட்சி மன்றங்கள் அவிழ்ந்து திரியும் மாட்டைப் பிடித்து அடைக்கும் அதிகாரம் உள்ளவை. மாட்டை மீட்கப் போகிறவர் அபராதத்தோடு பிடித்த செலவும் பராமரிப்புச் செலவும் கட்ட நேரிடும். எத்தனை மாடு, எத்தனை நாள் என்று கணக்குப் போட்டால், நூறு மீட்டர் வேலிக்கான கம்பி விலை அதில் போய்விடும்.

சரி, வேலிக்குப் பதிலாகக் கட்டியே போட்டுவிடலாமே என்றால் அதற்கும் எல்லை உண்டு. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. விலங்குக்குத் தீனி, தண்ணீர், தகுந்த இருப்பிடம் கொடுப்பது உரிமையாளரின் கடமை என்கிறது அது. கொடுமைப்படுத்திய குற்றத்துக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். நிழலும் தண்ணீரும் இல்லாமல் நாள் முழுதும் குட்டைக் கயிற்றில் வெயிலில் நிற்கும் மாடு ஒருநாள் புகாராக மாறலாம்.

முதலில் நிலம் யாருடையது?

கடைக்குப் போய் கம்பி விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுச் சிமெண்ட் தூண் நட்டவர்கள் பின்னர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நகர நேர்ந்திருக்கிறது.

சொந்த நிலமாக இருந்தால் நிலையான வேலிக்குச் செலவு செய்யலாம். எல்லைக்கல்லைக் கண்டுபிடித்து, அதற்கு உட்புறமாகவே நடவேண்டும்.

அரசு நிலத்தில் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமத்தில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அந்த உரிமம் எந்த மாதத்தில் எடுத்தாலும் அந்த ஆண்டின் டிசம்பர் 31-க்கு மேல் நீடிக்காது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டு உறுதியில்லாத நிலத்தில் பிடுங்கி எடுத்துச் செல்லக்கூடிய வேலிதான் புத்திசாலித்தனம்.

தோட்ட நிலத்தில் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு குச்சியும் நடவேண்டாம். பழைய மானேஜர் வாய்வார்த்தையாகச் சரி என்றது புதிய மானேஜரிடம் செல்லாது. செம்பனை மரங்களைத் தாக்கும் கானோடெர்மா பூஞ்சை நோய், மண் இறுகிப்போவது ஆகிய காரணங்களைச் சொல்லி, தோட்டத்தில் மேயும் மாடுகளை அப்புறப்படுத்தச் சொல்லும் நிர்வாகங்களுக்கும் தலைமுறையாக வளர்ப்பவர்களுக்கும் இடையே அண்மைய ஆண்டுகளில் பேராக் உள்ளிட்ட இடங்களில் தகராறு எழுந்தது. மாடு வரையறுத்த பகுதிக்குள் மட்டும் மேய்கிறது என்று காட்ட முடிந்தவரின் பேச்சுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு இருக்கும்.

மாடு ஏன் வேலியை முட்டுகிறது?

வேலி உடைவதற்குக் கம்பியின் பலவீனத்தைக் காட்டிலும் உள்ளே இருக்கும் குறையே பெரும்பாலும் காரணம். புல் தீர்ந்துபோனால் வெளியே உள்ள பச்சைக்குக் கழுத்தை நீட்டும். கழுத்து நுழைந்த இடத்தில் தோளும் நுழையும். தண்ணீர் இல்லாவிட்டால் வாய்க்காலைத் தேடும். கன்றைப் பிரித்தால் தாய் எந்தக் கம்பியையும் மதிக்காது. பக்கத்து வேலியில் சினைப்பருவத்துப் பசு நின்றால் காளைக்கும் அப்படியே.

எருமைக்கு இன்னொரு தேவையும் உண்டு. அதற்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு; கறுத்த தோல் வெயிலை வாங்கிக்கொள்ளும். நண்பகலில் சேற்றுக் குட்டையோ, குறைந்தது நிழலும் மேலே தெளிக்கத் தண்ணீரும் வேண்டும். அவை வேலிக்குள் இல்லையென்றால் எருமை வேலியைத் தள்ளிக்கொண்டு சாக்கடைக்கோ ஆற்றுக்கோ போகும். அதற்குமேல், எருமை உடம்பைத் தேய்க்கும். ஒரு தூணில் நான்கைந்து எருமைகள் தினமும் தேய்த்தால், மாதம் முடிவதற்குள் தூண் சாயும். தடித்த தோலுக்கு முள்கம்பி பெரிய தொந்தரவாகத் தெரியாது.

எடையையும் கணக்கில் கொள்ளவேண்டும். உள்நாட்டுக் கெடா-கிளந்தான் இனப் பசு சிறிய உடம்பு கொண்டது. முர்ரா எருமைக் கடாவோ 500 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். இரண்டுக்கும் ஒரே வேலி போதாது.

ஆகவே குட்டை, நிழல், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை வேலிக்குள் அமைப்பது வேலிச் செலவின் ஒரு பகுதிதான். தண்ணீர்த் தொட்டியை வேலியை ஒட்டி வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால், மாடுகள் நெருக்கியடித்து வேலியில் சாய்வது குறையும்.

எந்த வேலிக்கு என்ன குணம்?

முள்கம்பி வேலி: நம் மக்கள் அதிகம் பயன்படுத்துவது இதுதான். அமெரிக்காவில் ஜோசப் கிளிடன் 1874-இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து பெரிதாக மாறாதது. பசுவுக்கு 4 வரிசை, எருமைக்கும் காளைக்கும் 5 வரிசை தேவை. வரிசைகளுக்கு இடையே 25 முதல் 30 செண்டிமீட்டர் இருக்கலாம். மேல்வரிசை தரையிலிருந்து 1.2 முதல் 1.35 மீட்டர் உயரத்தில் வரவேண்டும். தூண்கள் 3 முதல் 4 மீட்டருக்கு ஒன்று. இதன் குறை, காயம். பால்மாட்டின் மடி கிழிந்தால் அந்த ஈற்றின் வருமானமே போகலாம். எனவே கறவை மாடுகளை அடைக்கும் சிறிய பட்டிக்கு முள்கம்பி பொருத்தமில்லை.

உயர் இழுவிசைக் கம்பி: முள் இல்லாத, 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வழவழப்பான இரும்புக் கம்பி. இறுக்கி இழுத்துக் கட்டினால் மாடு சாய்ந்தாலும் ரப்பர் போல் வளைந்து கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பும். காயம் இல்லை, தூண்களும் குறைவு. ஆனால் மூலைத் தூண்கள் மிக வலுவாக இருக்கவேண்டும். மின்சாரம் பாய்ச்சவும் ஏற்றது இந்தக் கம்பிதான்.

பி.ஆர்.சி. வேலி, சங்கிலி வேலி: வீட்டையும் கோயிலையும் சுற்றிப் போடுவது. பார்ப்பதற்கு அழகு. மாடு தேய்க்கத் தேய்க்க பி.ஆர்.சி.யின் பற்றவைப்பு ஒவ்வொன்றாக விட்டுப்போகும். சங்கிலி வேலி தொப்பை போட்டுக் கீழ்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஏற்கெனவே இப்படிப்பட்ட வேலி இருந்தால், உட்புறம் ஒரு மின்கம்பியை ஓட்டி மாட்டைத் தள்ளி நிறுத்தலாம்.

இரும்புக் குழாய் வேலி: விலை அதிகம், உறுதியும் அதிகம். முழு நிலத்துக்கும் போட யாராலும் முடியாது. ஊசி போடும் இடம், லோரியில் ஏற்றும் பட்டி, காளைக் கொட்டகை ஆகியவற்றுக்கு மட்டும் 1.5 முதல் 1.8 மீட்டர் உயரத்தில் போடலாம்.

உயிர்வேலி: கொங்கு நாட்டில் காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காடுகளைச் சுற்றி முள்கிளுவையை நட்டு வளர்ப்பார்கள். தலைமுறை தாண்டியும் நிற்கும் வேலி அது. கிளுவை வறண்ட நிலத்துச் செடி. மழை மிகுந்த கிள்ளான் பக்கத்துக்குக் கிளைரிசிடியாவும் கல்யாண முருங்கையும் ஏற்றவை. கட்டைவிரலைவிடப் பருத்த, ஓர் ஆள் உயரக் கிளைகளை வெட்டி நட்டால் வேர்விட்டுத் தழைக்கும். கழித்த இலை மாட்டுக்குத் தீனியாகும். நட்டவுடன் கம்பி அடிக்கக்கூடாது. இரண்டு மூன்று மாதம் வேர் பிடிக்க விடவேண்டும். ஆணி அடிக்கும் இடத்தில் பழைய டயர் ட்யூப் துண்டை வைத்தால் மரம் பருக்கும்போது கம்பியை விழுங்காது. உயிர்வேலி தனியாக எருமையைத் தடுக்காது. கம்பிக்குத் தூணாகவே அது பயன்படும்.

மூலைத் தூண்தான் உயிர்

வேலியின் எல்லாக் கம்பிகளும் இழுப்பது மூலைத் தூணை. அது சாய்ந்தால் கம்பி தளரும். தளர்ந்த கம்பிக்குள் மாடு தலையை விடும். எனவே பணம் குறைவாக இருந்தால், இடைத் தூண்களில் மிச்சம் பிடிக்கலாம், மூலையில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

இடைத் தூணைத் தரைக்குள் 60 முதல் 75 செண்டிமீட்டர் ஆழமும், மூலைத் தூணை 90 செண்டிமீட்டருக்குக் குறையாமலும் இறக்கவேண்டும். மூலைத் தூணிலிருந்து வேலி போகும் திசையில் 2.5 மீட்டர் தள்ளி இரண்டாவது தூணை நடவேண்டும். இரண்டின் மேற்பகுதியையும் ஒரு குறுக்குக் கட்டையால் இணைக்கவேண்டும். பிறகு மூலைத் தூணின் அடியிலிருந்து இரண்டாவது தூணின் உச்சிக்குச் சாய்வாக இரட்டைக் கம்பி கட்டி, நடுவே ஒரு குச்சியை விட்டு முறுக்கி இறுக்கவேண்டும். சாய்வுக் கம்பியை எதிர்த்திசையில், அதாவது மூலைத் தூணின் உச்சியிலிருந்து இரண்டாவது தூணின் அடிக்குக் கட்டுவது பலர் செய்யும் தவறு. அப்படிக் கட்டினால் அது எதையும் தாங்காது.

காப்பார், கேரித் தீவு, துறைமுகப் பக்கம் கடலோரக் களிமண்; கோலா லங்காட்டில் சில இடங்களில் கரிமண். இரண்டிலும் தூண் எளிதில் இறங்கும், எளிதில் சாயவும் செய்யும். அங்கே நீளமான தூணை இன்னும் ஆழமாக இறக்கவேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்வதாலும், கடலோரம் உப்புக்காற்று வீசுவதாலும், நாகப்பூச்சு கனமாக உள்ள கம்பியையே கேட்டு வாங்கவேண்டும். மலிவான கம்பி விரைவில் சிவந்துவிடும். மரத்தூண் என்றால் செங்கால், பழைய ரயில் சிலிப்பர் கட்டை போன்றவை கரையானைத் தாங்கும். சாதாரணப் பலகைக் கட்டை தாங்காது.

மின்வேலி: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

முறையான மின்வேலி உடல்பலத்தால் மாட்டைத் தடுப்பதில்லை. தொட்டால் சுண்டும் என்ற நினைப்பால் தடுக்கிறது. முள்ளை மதிக்காத எருமைகூடப் பழகிவிட்டால் மின்கம்பியை நெருங்காது. நியூசிலாந்தில் 1930-களில் பில் கலாகர் என்பவரால் பரவலாகி, இன்று உலகம் முழுதும் மேய்ச்சல் நிலங்களில் பயன்படுவது இந்த முறை.

இதில் எனர்ஜைசர் என்ற கருவி, ஏறக்குறைய வினாடிக்கு ஒருமுறை, கண் இமைக்கும் நேரத்திலும் மிகச் சிறிய பகுதி அளவே நீடிக்கும் துடிப்பை அனுப்பும். வோல்ட் அதிகம்; ஆனால் நேரம் மிகக் குறைவு என்பதால் வலிக்கும், கொல்லாது. மாட்டுக்குக் கம்பியின் கடைக்கோடியிலும் 2,000 முதல் 3,000 வோல்ட்டாவது இருக்கவேண்டும். சூரியசக்தியில் இயங்கும் கருவிகளும் உண்டு. மின்சாரம் இல்லாத தோட்டத்து மூலைக்கு அவை உதவும்.

உயிரை எடுப்பது வேறு ஒன்று. காட்டுப்பன்றியைத் தடுக்கவென்று வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுத்து ஆள் இறந்த சம்பவங்கள் இந்நாட்டில் நடந்திருக்கின்றன. வீட்டு மின்சாரம் துடிப்பாக வராது, விடாமல் பாயும். பிடித்த கை விடுபடாது. எந்தக் காரணத்துக்காகவும் அப்படிச் செய்யக்கூடாது. முள்கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவதும் கூடாது. முள்ளில் சிக்கிய மாடோ மனிதரோ விலகிவர முடியாமல் திரும்பத் திரும்ப அடிவாங்க நேரும்.

மின்வேலி வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை எர்த் சரியில்லாததால் வருபவை. நாகப்பூச்சுள்ள 1.8 மீட்டர் நீளக் கம்பிகள் குறைந்தது மூன்றை, ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளியில், ஈரமுள்ள இடத்தில் அடித்து இறக்கி இணைக்கவேண்டும். வீட்டு மின் இணைப்பின் எர்த்திலிருந்து இவை குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும்.

அடுத்த எதிரி புல். நம் ஊர் மழையில் லாலான் இரண்டு வாரத்தில் கம்பியைத் தொட்டுவிடும். தொடும் ஒவ்வொரு புல்லும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும். கம்பிக்குக் கீழே தொடர்ந்து வெட்டிச் சுத்தம் செய்ய முடியாதவர் மின்வேலி போடுவதில் பயனில்லை. இடியும் மின்னலும் மிகுந்த வட்டாரம் இது என்பதால் கருவிக்கு மின்னல் தடுப்பு வாங்குவதும், பெரிய இடிமழையின்போது கம்பியிலிருந்து கருவியைக் கழற்றிவிடுவதும் நல்லது. மின்சாரம் இல்லாத சாதாரணக் கம்பி வேலியிலும் மின்னல் நெடுந்தூரம் ஓடி வேலியோரம் ஒதுங்கிய மாட்டைக் கொல்லும். மரத்தூண் வேலியாக இருந்தால் 40, 50 மீட்டருக்கு ஓர் இரும்புத் தூணைத் தரையில் ஆழ இறக்கி எல்லாக் கம்பியையும் அதோடு இணைக்கவேண்டும்.

புதிய மாட்டை நேராக மின்வேலிக்குள் விட்டால் மிரண்டு ஓடி அறுத்துக்கொண்டு போகும். முதலில் உறுதியான பட்டிக்குள் மூக்கு உயரத்தில், அதாவது 75 முதல் 90 செண்டிமீட்டரில் ஒரு மின்கம்பியை ஓட்டி, சில நாள் பழக்கவேண்டும். கம்பியில் ஆங்காங்கே வெள்ளைத் துணியோ நாடாவோ கட்டினால் மாட்டின் கண்ணுக்குப் படும். மக்கள் நடமாடும் பக்கம் எச்சரிக்கைப் பலகையைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் தொங்கவிடவேண்டும். வீடமைப்புப் பகுதி அருகே என்றால் ஊராட்சி மன்றத்திடம் அனுமதி பற்றிக் கேட்டபிறகே கம்பி வாங்கலாம்.

மின்கோபுரங்களுக்குக் கீழே

கோபுரங்கள் வரிசையாகப் போகும் நிலத்தில் புல் நன்றாக இருப்பதால் பலர் அங்கே மேய்க்கிறார்கள். அங்கே வேலி போடுவது தனி ஆபத்து. உயர் அழுத்தக் கம்பிக்கு இணையாக நீண்ட தூரம் ஓடும் இரும்புக் கம்பியில், எதையும் தொடாமலே மின்சாரம் தூண்டப்படும். வேலியைத் தொட்டவருக்கு அதிர்ச்சி அடிப்பது இதனால்தான். தெனாகா நேஷனல் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அங்கே எந்த வேலியும் போடக்கூடாது. அனுமதி கிடைத்தாலும் உலோக வேலி பல இடங்களில் எர்த் செய்யப்படவேண்டும். குறுக்கே போகும் கம்பி மேலே உள்ள மின்கம்பிக்குச் செங்கோணமாகப் போகவேண்டும்.

அளவும் கணக்கும்

ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். சுற்றளவு சுமார் 255 மீட்டர். ஐந்து வரிசை முள்கம்பிக்கு 1,275 மீட்டர் கம்பி வேண்டும். கட்டுவதற்கும் சேதாரத்துக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 1,400 மீட்டர். 3 மீட்டருக்கு ஒன்று என்றால் 85 தூண்கள்.

அதே ஓர் ஏக்கர் 20 மீட்டர் அகலமுள்ள நீண்ட துண்டாக இருந்தால் சுற்றளவு 445 மீட்டராகிவிடும். செலவு ஏறக்குறைய முக்கால் மடங்கு கூடும். ஆற்றோரத்திலும் சாலையோரத்திலும் கிடைப்பது பெரும்பாலும் இத்தகைய துண்டுகள்தான். முடிந்தவரை சதுரத்துக்கு நெருக்கமாக வளைத்துக்கொள்வது லாபம்.

இரண்டு வரிசை மின்வேலி என்றால், சதுர ஏக்கருக்கு 510 மீட்டர் கம்பியும், 8 மீட்டருக்கு ஒன்றாக 32 தூண்களும் போதும். இதோடு எனர்ஜைசர் விலையைச் சேர்த்து ஒப்பிடவேண்டும். சிறிய இடத்துக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நிலம் பெரிதாகப் பெரிதாக மின்வேலி மலிவாகும். இடம் மாறும்போது சுருட்டி எடுத்துப் போகவும் முடியும். டி.ஓ.எல். நிலத்திலும் தோட்டத்திலும் இருப்பவர்களுக்கு இதுவே பெரிய அனுகூலம்.

ஒரே ஓர் எச்சரிக்கை: மின்வேலி ஒருநாள் செத்துப்போகலாம். நெடுஞ்சாலையை ஒட்டிய பக்கத்தில் மட்டும் மின்வேலியை நம்பாமல், உறுதியான கம்பி வேலியைப் போட்டு அதன் உட்புறம் ஒரு மின்கம்பியை ஓட்டுவது பாதுகாப்பு. மற்ற மூன்று பக்கங்களில் மிச்சப்படுத்தும் பணத்தைச் சாலைப் பக்கத்தில் செலவிடலாம்.

செம்பனைக்குள் மேய்ச்சல்

செம்பனைக்கு அடியில் மாடு மேய்ப்பதை இந்நாட்டில் முறையாகவும் செய்கிறார்கள். மலேசியச் செம்பனை வாரியம் பல ஆண்டுகளாக ஊக்குவித்துவரும் முறை அது. நடக்கூடிய, எடுக்கக்கூடிய மின்வேலியால் ஒரு துண்டை அடைத்து, புல் தீர்ந்ததும் அடுத்த துண்டுக்கு மாட்டை மாற்றுவார்கள். முதல் துண்டுக்குத் திரும்பிவர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் புல் தழைத்துவிடும். கன்று மரங்களின் மட்டையை மாடு கடித்துவிடும் என்பதால், மரத்துக்கு ஏறக்குறைய 5 வயது ஆனபிறகே உள்ளே விடுவது வழக்கம்.

களை வெட்டும் செலவு, களைக்கொல்லிச் செலவு குறைவது நிர்வாகத்துக்கு ஆதாயம். அனுமதி கேட்டுப் போகும் வளர்ப்போர், எத்தனை மாடு, எந்தத் துண்டு, எத்தனை நாள், வேலி யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது நல்லது. மருந்து தெளிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, அந்தத் துண்டுக்கு மாட்டை விடாமல் இருக்கவேண்டும். நிலம் கிடைக்கவே கிடைக்காத பட்டணத்துக்காரருக்கு, கொட்டகையில் வைத்து நேப்பியர் புல்லையும் செம்பனைப் புண்ணாக்கையும் கொண்டுவந்து போடுவதே மிஞ்சும் வழி.

வாசலும் கவனிப்பும்

நல்ல வேலியிலிருந்தும் மாடு வாசல் வழியாகப் போய்விடும். லோரி நுழைய 3.6 மீட்டர் அகலமாவது வேண்டும். கதவின் இரண்டு கீல் ஊசிகளும் மேல்நோக்கி இருந்தால் எருமை கொம்பைக் கொடுத்துக் கதவைத் தூக்கிக் கழற்றிவிடும். மேல் ஊசியைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தால் தூக்கமுடியாது. கயிற்றுக்குப் பதில் சங்கிலியும் பூட்டும் போடவேண்டும். மூலைக்கு அருகே வாசல் வைத்தால் மாடுகளை ஓட்டிச்சேர்ப்பது எளிது.

வேலி வேலை முடிந்ததும் அறுந்த கம்பித் துண்டுகளையும் ஆணிகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்கவேண்டும். மாடு புல்லோடு சேர்த்து விழுங்கிய கம்பி, வயிற்றைத் துளைத்து இதயம் வரை போய்க் கொன்றுவிடும்.

கோமாரி நோய் இந்நாட்டில் அடிக்கடி தலைகாட்டுவது. பக்கத்து மந்தையோடு மூக்கோடு மூக்கு உரசாதபடி இரண்டு வேலிகளுக்கு இடையே சிறிது இடைவெளி விட்டால் பரவல் குறையும். எல்லா மாட்டுக்கும் காதில் அடையாள வில்லை இருக்கவேண்டும். தடுப்பூசிக்கும் வில்லைக்கும் வட்டாரக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தை அணுகலாம்.

வாரம் ஒருமுறை வேலியைச் சுற்றி நடப்பது அரைமணி நேர வேலை. தளர்ந்த கம்பி, சாய்ந்த தூண், மேலே விழுந்த மட்டை, மழையில் அரித்த பள்ளம், ரோமம் ஒட்டியிருக்கும் முள் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். ரோமம் ஒட்டிய இடம்தான் மாடு அடுத்து முயலப்போகும் இடம். பெருமழைக்கும் காற்றுக்கும் மறுநாள் காலையில் கட்டாயம் ஒரு நடை போகவேண்டும்.

எல்லாம் செய்தும் ஒருநாள் மாடு வெளியேறலாம். சாலையில் மாடு நிற்பதாகத் தெரிந்தால் முதலில் ஒருவர் டார்ச் விளக்கோடு சாலையின் இரு பக்கமும் வாகனங்களை எச்சரிக்கவேண்டும். மற்றவர் மாட்டை ஓட்டவேண்டும். விரட்டினால் மாடு வாகனத்தின் முன்னே பாயும். ஒரு வாளித் தவிட்டைக் காட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மந்தையின் மூத்த பசு திரும்பும்; மற்றவை அதன் பின்னால் வரும். மாட்டைச் சேர்த்த பிறகு எந்த இடத்தில் வெளியேறியது என்று அன்றிரவே தேடி அடைக்கவேண்டும். ஒருமுறை வழி கண்ட மாடு மறுநாளும் அதே இடத்துக்குத்தான் போகும்.